கல்லறையண்டையில் நிற்பது யார்?



இந்த மாதம் ஒரு கல்லறைத் தோட்டத்தைப்பற்றி எழுதப்போகிறேன். "என்ன பாஸ்டர், எழுப்புதல் பத்திரிகையிலே போய் கல்லறையா?" என்று கேட்பீர்கள். பொறுமையாய் வாசியுங்கள். எழுப்புதல் எங்கே தொடங்கவேண்டும் என்பதை ஆவியானவர் எனக்கு ஒரு குழியண்டையிலேதான் உணர்த்தினார். அந்தச் சாட்சியைக் கடைசியிலே சொல்கிறேன்.

இராமுழுவதும் நடந்த மனுஷர்

வேதத்திலே 1 சாமுவேல் 31-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கில்போவா மலையிலே சவுல் ராஜா யுத்தத்தில் விழுந்துபோனான். மறுநாள் பெலிஸ்தர் வந்து, அவன் தலையை வெட்டி, ஆயுதங்களை உரிந்துகொண்டு, உடலைப் பெத்சான் ஊர் மதிலிலே மாட்டிவிட்டார்கள். நேற்றுவரை சிங்காசனத்தில் இருந்தவன்! இன்றைக்கு அவன் பக்கத்திலே நிற்க ஒரு ஆள் இல்லை. இஸ்ரவேலர் ஊரையே விட்டு ஓடிப்போய்விட்டார்கள்.

அப்பொழுது கீலேயாத்திலுள்ள யாபேஸ் ஊராருக்குச் செய்தி எட்டினது. அந்த ஊரின் பலசாலிகள் எழுந்தார்கள். இராமுழுவதும் நடந்தார்கள். சத்துருவின் மதிலிலிருந்து அந்த உடலையும் அவன் குமாரரின் உடல்களையும் இறக்கிக்கொண்டு வந்தார்கள். எலும்புகளை அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசமிருந்தார்கள். பிடிபட்டால் உயிர் போகும் காரியம் இது! ஏன் போனார்கள்?

11-ம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். அம்மோனியனான நாகாஸ் அவர்கள் வலது கண்களைப் பிடுங்கப்போவதாக மிரட்டினபோது, ஓடிவந்து காப்பாற்றினவன் இந்தச் சவுல்தான். வருஷங்கள் போய்விட்டன. சவுலின் முடிவு நல்ல முடிவு அல்ல, நமக்குத் தெரியும். ஆனாலும் யாபேஸ் மனுஷர் அவனுடைய குற்றப்பட்டியலை வாசித்துக்கொண்டு வீட்டிலே உட்காரவில்லை. "எங்கள் கண்ணைக் காத்தவன் காற்றிலே தொங்கக்கூடாது" என்று புறப்பட்டார்கள்.

பிற்பாடு தாவீது இதைக் கேள்விப்பட்டு, ஆள் அனுப்பி அவர்களை ஆசீர்வதித்தான். அவர்கள் செய்தது தயையான காரியம் என்று சொல்லியனுப்பினான். சவுலால் துரத்தப்பட்ட தாவீதே அப்படிச் சொன்னான் என்றால், மரித்தவனுக்குச் செய்கிற மரியாதை தேவனுடைய பார்வையில் எவ்வளவு பெரியது என்று யோசித்துப்பாருங்கள்.

ஆர்லிங்டன் என்கிற இடம்

இந்த வசனங்களைத் தியானித்துக்கொண்டிருந்த நாட்களிலே, யுத்தவீரரை அடக்கம்பண்ணுகிற ஒரு இடத்தைப்பற்றி வாசித்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பட்டணத்துக்கு எதிரே, போட்டோமாக் நதிக்கு அக்கரையில், வர்ஜீனியா மாநிலத்திலே இருக்கிற ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம் அது. அந்தத் தேசத்தின் உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலே, 1864-ம் வருஷம் மே மாதம் 13-ந்தேதி, ஒரு சாதாரண சிப்பாயை அங்கே முதலாவது புதைத்தார்கள். இன்றைக்கு 4 லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே நித்திரையடைந்திருக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை தினந்தோறும் 20-க்கும் மேற்பட்ட அடக்கங்கள் நடக்கின்றன.

அங்கே எப்படி அடக்கம்பண்ணுகிறார்கள் தெரியுமா? பெட்டியின்மேல் தேசக்கொடியைப் போர்த்தியிருப்பார்கள். துப்பாக்கி ஏந்தினவர்கள் மூன்றுமுறை ஒன்றாய்ச் சுடுவார்கள். முற்காலத்திலே யுத்தத்தைச் சற்று நிறுத்தி, விழுந்தவர்களை அப்புறப்படுத்துவார்கள். அது முடிந்தது என்பதற்கு அடையாளமாக மூன்றுமுறை சுடுவார்களாம். அந்த வழக்கமே இப்படி வந்தது என்று சொல்லுகிறார்கள். பிறகு ஒருவர் பியூகிள் ஊதுவார். வெறும் 24 ஸ்வரங்கள்தான். 1862-ல் யுத்தகளத்திலே, இராத்திரியில் விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்லுகிற அழைப்பாகத் தொடங்கினது அது. அதற்குப்பின் கொடியை 13 மடிப்பாய், முக்கோணமாய் மடிப்பார்கள். நட்சத்திரங்களுள்ள நீலப்பகுதி மட்டும் மேலே தெரியும். அதை மரித்தவரின் மனைவியிடமோ தாயாரிடமோ பிள்ளையிடமோ, தேசம் நன்றியோடிருக்கிறது என்று சொல்லிக் கையிலே கொடுப்பார்கள்.

"பாஸ்டர், இதெல்லாம் உலகத்து ஆடம்பரம்தானே? மண்ணுக்கு எதற்கு மரியாதை?" என்று சிலர் கேட்கக்கூடும். நானும் யுத்தத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. நம்முடைய ஆண்டவர் சமாதானப் பிரபு. ஆனால் அந்த இடத்திலே நடக்கிற சில காரியங்கள் என்னைத் தலைகுனிய வைத்தன. மூன்றை மட்டும் சொல்லுகிறேன்.

ஒன்று: போய் நிற்கிற ஸ்திரீகள்

1948-ம் வருஷம். அமெரிக்க விமானப்படைத் தளபதியாயிருந்த ஹோய்ட் வாண்டன்பர்க் என்பவரின் மனைவி கிளாடிஸ் அம்மாள், ஆர்லிங்டனிலே ஒரு காரியத்தைக் கவனித்தார்கள். சில வீரர்களை அடக்கம்பண்ணும்போது உறவென்று சொல்ல ஒருவரும் வருகிறதில்லை. போதகர் நிற்பார், சிப்பாய்கள் நிற்பார்கள், அவ்வளவுதான். அழுவதற்கு ஆள் கிடையாது. வீடு தூரமோ, குடும்பமே இல்லையோ, யாருக்குத் தெரியும்?

அந்த அம்மாள் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. தாங்களே போய் நின்றார்கள். அதிகாரிகளின் மனைவிமாரையும் சேர்த்துக்கொண்டார்கள். "ஆர்லிங்டன் லேடீஸ்" என்று அவர்களுக்குப் பெயர். 1973-ல் தரைப்படைக்கும், 1985-ல் கடற்படைக்கும், 2006-ல் கடலோரக் காவல்படைக்கும் இதேபோலக் குழுக்கள் எழும்பின. மழையோ, பனியோ, கொளுத்துகிற வெயிலோ, அவர்களில் ஒருவர் போய்க் கல்லறையண்டையிலே நிற்பார். குடும்பத்தார் இருந்தால் கையினால் எழுதின ஒரு ஆறுதல் குறிப்பைக் கொடுப்பார். குடும்பத்தார் இல்லாவிட்டால், அந்தக் குழியண்டையிலே குடும்பமாய் நிற்கிறது அந்த ஸ்திரீ ஒருத்திதான்!

கவனியுங்கள், சம்பளம் இல்லை. மரித்தவர் யாரென்றே பெரும்பாலும் தெரியாது. ஆனாலும் ஒருவனும் தனியாய்க் குழிக்குள் இறங்கக்கூடாது என்பதே அவர்கள் தீர்மானம்.

வேதத்திலும் அப்படி ஒருத்தி உண்டு. 2 சாமுவேல் 21-ம் அதிகாரத்து ரிஸ்பாள்! தன் இரண்டு குமாரரும் மற்ற ஐந்துபேரும் தூக்கிலிடப்பட்டு, அடக்கமில்லாமல் கிடந்தார்கள். அவள் இரட்டைப் பாறைமேல் விரித்து உட்கார்ந்தாள். அறுப்புக்காலத்தின் தொடக்கத்திலிருந்து மழை பெய்கிறவரைக்கும், பகலிலே பறவைகளையும் இரவிலே காட்டு மிருகங்களையும் அண்டவிடாமல் காத்தாள். அவள் கையிலே அதிகாரம் இல்லை, பணம் இல்லை. நின்றாள், அவ்வளவுதான். அவள் நின்ற செய்தி ராஜாவின் காதுக்கு எட்டினது. அதற்குப் பின்புதானே தாவீது போய் சவுல், யோனத்தான் இவர்களின் எலும்புகளையும் சேர்த்தெடுத்து முறையாய் அடக்கம்பண்ணினான்! ஒரு ஸ்திரீ நின்றதினாலே ஒரு ராஜா எழும்பினான்.

இரண்டு: எல்லாருக்கும் ஒரே கல்

ஆர்லிங்டனிலே வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாய் நிற்கும். பழைய பகுதிகளிலே குடும்பத்தார் தங்கள் செலவில் எழுப்பின பெரிய தூண்களும் உண்டு. ஆனால் அரசாங்கம் வைக்கிற கல் சேனாபதிக்கும் சிப்பாய்க்கும் ஒன்றே. முதலாம் உலகப்போரிலே அமெரிக்கப் படையைப் பிரான்சிலே நடத்தின ஜெனரல் பெர்ஷிங் 1948-ல் மரித்தார். அந்தத் தேசத்தின் மிகப்பெரிய இராணுவப் பதவியை வகித்தவர். அவர் தலைமாட்டிலும் சாதாரண சிப்பாய்க்கு வைக்கிற அதே கல்தான் நிற்கிறது.

ஆனால் உண்மையையும் சொல்லவேண்டும். 1948 வரைக்கும் அந்தத் தோட்டத்திலேயே கறுப்பினத்து வீரரைத் தனிப்பகுதியில்தான் புதைத்தார்கள். ஒரே கொடிக்கு ஜீவனைக் கொடுத்தவர்களை, மண்ணுக்குள்ளேயும் நிறம் பார்த்துப் பிரித்தார்கள்! அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான 3,800-க்கும் அதிகமானவர்கள் அங்கே 27-ம் பகுதியிலே இருக்கிறார்கள். அவர்கள் கற்களிலே "குடிமகன்" என்கிற அர்த்தமுள்ள வார்த்தை இருக்கிறது. உயிரோடிருந்தபோது அநேகருக்கு அந்த உரிமையைக் கொடுக்காத தேசம், கல்லிலே எழுதிக்கொடுத்தது.

அமெரிக்காக்காரனைக் குறைசொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாமா? நம்முடைய நாட்டிலே, கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களுக்குள்ளேயே ஜாதிக்கு ஒரு மூலை ஒதுக்கி, நடுவிலே சுவர் வைத்த இடங்கள் இல்லையா? ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்களுக்கு இரண்டு மண்ணா? தேவபிள்ளையே, கடைசி எக்காளம் தொனிக்கும்போது அந்தச் சுவர் எந்தப் பக்கத்தாரைத் தடுக்கப்போகிறது?

மூன்று: பேர் தெரியாத வீரன்

1921-ம் வருஷம், பிரான்சிலே பேர் தெரியாத நான்கு அமெரிக்க வீரரின் பெட்டிகளை வைத்து, அதில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி ஒரு சார்ஜெண்டிடம் சொன்னார்கள். அவர் வெள்ளை ரோஜாக்களை ஒரு பெட்டியின்மேல் வைத்தார். அந்த வீரனை நவம்பர் 11-ந்தேதி ஆர்லிங்டனிலே சகல மரியாதையோடும் அடக்கம்பண்ணினார்கள். 1937 முதல் இரவும் பகலும், ஒரு நிமிஷம் தவறாமல், அங்கே காவல் நிற்கிறது. காவல்காரன் 21 தப்படி நடப்பான், 21 விநாடி நிற்பான், திரும்பி மறுபடியும் 21 தப்படி நடப்பான். பார்க்க ஜனங்கள் இருந்தாலும் நடப்பான். நடுராத்திரியில் ஒருவருமே இல்லாதபோதும் காவலை விட்டுப்போகமாட்டான். நம்முடைய ஊழியம் எப்படி இருக்கிறது? கூட்டம் இருந்தால் ஒரு விதம், கூட்டம் இல்லாவிட்டால் வேறு விதமா?

இன்னும் ஒன்று கேளுங்கள். வியட்நாம் யுத்தத்திலே விழுந்த ஒரு வீரனையும் 1984-ல் பேர் தெரியாதவனாக அங்கே அடக்கம்பண்ணினார்கள். 14 வருஷம் ஜனாதிபதிகளும் ஜனங்களும் வணங்கி நின்றார்கள். ஆனால் அவனுடைய குடும்பத்தார் அவனை மறக்கவில்லை. "அது எங்கள் பிள்ளையாயிருக்கும், சோதித்துப்பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். 1998-ல் கல்லறையைத் திறந்து மரபணுச் சோதனை செய்தார்கள். 1972-ல், 24-ம் வயதில், விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு மரித்த மைக்கேல் பிளாசி என்கிற அதிகாரி அவர்! அதே வருஷம் ஜூலையில் அவரைச் சொந்த ஊராகிய செயிண்ட் லூயிஸ் பட்டணத்துக்கு அருகே, ஜெபர்சன் பாரக்ஸ் தேசியக் கல்லறைத் தோட்டத்திலே, சொந்தப் பெயரோடு அடக்கம்பண்ணினார்கள். ஆர்லிங்டனிலே அந்தக் கல்லறை இன்றுவரை வெறுமையாய் இருக்கிறது.

எவ்வளவு பெரிய மரியாதை கிடைத்தாலும், அந்தத் தாய்க்கு அது போதவில்லை. தன் மகனைப் பேர்சொல்லி அடக்கம்பண்ணவேண்டும். மனுஷத் தாய்க்கே அப்படியானால், நம்மைத் தம்முடைய உள்ளங்கைகளிலே வரைந்திருக்கிற தேவனுக்கு எப்படி இருக்கும்? அவருக்குப் பேர் தெரியாதவன் ஒருவனும் இல்லை. அல்லேலூயா!

என் சாட்சி

இப்பொழுது என் காரியத்துக்கு வருகிறேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நம்முடைய சபைக்கு ஒரு பெரியவர் வருவார். பட்டாளத்திலே இருந்து ஓய்வுபெற்றவர். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்திலே, கடைசிப் பாயிலே உட்காருவார். என்னைப் பார்த்தால் விறைப்பாய் ஒரு சல்யூட் அடிப்பார். சின்னப் பிள்ளைகள் "பட்டாளத்துத் தாத்தா" என்பார்கள், நாங்கள் "பட்டாளத்து ஐயா" என்போம். ஒரு வாடகை அறையிலே தனியாய் இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியிலே மரித்துப்போனார். உறவென்று ஒருவரும் வரவில்லை.

அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு எனக்குக் கன்வென்ஷன் கமிட்டிக் கூட்டம். அதற்குள்ளே அடக்கத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப்போட்டேன். நான், ஒரு மூப்பர், இரண்டு வாலிபத் தம்பிமார், குழி வெட்டுகிறவர். ஐந்தே பேர். கல்லறைத் தோட்டத்து ரிஜிஸ்டரை விரித்து, "பேர் என்னங்க?" என்று கேட்டார்கள். நான் மூப்பரைப் பார்த்தேன். மூப்பர் என்னைப் பார்த்தார். அந்தப் பெரியவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இந்தக் கைதான்! பேர் வாயில் வரவில்லை. தம்பி ஒருவன் சைக்கிளில் போய் ஞானஸ்நான ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தான். பேர் தெரியாத வீரன் ஆர்லிங்டனில் மட்டும் இல்லை, சபையாரே. என் சபையிலே, கடைசிப் பாயிலே இருந்தார்.

அவசரமாய் ஜெபித்து முடித்தேன். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "ஐயா, பாட்டு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டார். அவர் விசுவாசிகூட அல்ல. அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

மறுவாரம் வீட்டுக்காரர் அந்த ஐயாவின் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பட்டாளத்துக் காகிதங்கள், மடித்து வைத்த ஒரு சட்டை, ஒரு நோட்டுப்புத்தகம். அந்த நோட்டைத் திறந்தேன். நம்முடைய சபைக் குடும்பங்களின் பேர்கள்! பிள்ளைகளின் பேர்கள், பரீட்சை, வியாதி, வேலை என்று பக்கத்திலே குறித்து, தினமும் ஜெபித்திருக்கிறார். முதல் பக்கத்திலே என் பேர். அவருக்கு நம்முடைய பேரெல்லாம் தெரிந்திருந்தது. அவர் பேர் நமக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு இராத்திரி அந்த நோட்டின்மேல் முகங்குப்புற விழுந்து அழுதேன். "உனக்கு எழுப்புதல் வேண்டுமென்று கேட்கிறாயே, கடைசிப் பாயிலே இருந்தவனை அறிந்தாயா?" என்று ஆவியானவர் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

சபை செய்யவேண்டியது என்ன?

அமெரிக்காவிலே, முன்னாள் வீரருக்காகக் குடும்பத்தார் கேட்டால், குறைந்தது இரண்டு சீருடைக்காரர் வந்து, கொடியை மடித்துக் கொடுத்து, பியூகிள் ஒலிக்கச் செய்யவேண்டும் என்று சட்டமே போட்டார்கள். 2000-ம் வருஷம் ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உறவில்லாத வீரன் ஒருவனுக்கு அடக்கம் என்று அறிவித்தால், அவனை ஒருநாளும் பார்த்திராத ஜனங்கள் திரண்டுவந்து நிற்கிறதும் உண்டு. கொடிக்காக இவ்வளவு செய்கிறார்கள். இரத்தத்தினாலே மீட்கப்பட்ட நாம் சிலுவைக்காக என்ன செய்கிறோம்?

மரித்தோர் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும் என்று ஆண்டவர் சொன்னதை எடுத்துப் பேசி, போகாமல் இருக்கிறவர்கள் உண்டு. பின்பற்றத் தாமதிக்கிறவனுக்குச் சொன்னதை, சோம்பலுக்குச் சாக்காக்காதீர்கள். அந்த ஆண்டவரே லாசருவின் கல்லறையண்டையில் நின்று கண்ணீர் விட்டார். அவருடைய சரீரத்தைக் கேட்கும்படி அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு பிலாத்துவினிடத்தில் துணிந்து போனான். நிக்கொதேமு வாசனைத்திரவியம் கொண்டுவந்தான். ஸ்திரீகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கல்லறையண்டைக்குப் போகிறவர்களாயிருந்ததினாலேதானே, உயிர்த்தெழுந்த செய்தியை அந்த ஸ்திரீகள் முதலாவது கேட்டார்கள்!

ஆகையால் நம்முடைய சபையிலே இப்படித் தீர்மானித்திருக்கிறோம். சபையிலே யார் மரித்தாலும், ஐசுவரியவானோ தரித்திரனோ, அடக்கத்துக்குச் சகோதரிகள் ஜெபக்குழுவிலிருந்து இரண்டு பேராவது கட்டாயம் போய் நிற்பார்கள். ஒரு பாட்டாவது பாடாமல் குழியை மூடுகிறதில்லை. ஒரு மாதம் கழித்து, எல்லாரும் மறந்துபோன நேரத்திலே, ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிப் பாயிலே தனியாய் உட்காருகிறவர்களின் பேரை உயிரோடிருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தவுடனே ஓடிப்போகாதேயுங்கள். பேர் தெரியாத ஒருவரிடம் போய், "ஐயா, உங்க பேர் என்ன? எங்கே இருக்கீங்க? என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள்.

அந்தப் பெரியவரின் பேரை நான் இங்கே எழுதவில்லை. அவர் கல்லறையிலே ஒரு சின்னக் கல் வைத்து, அதிலே எழுதிவிட்டோம். போன மாதம் அங்கே போய் ஒரு பாட்டும் பாடினேன். குழி வெட்டுகிறவரும் கூட நின்றார்.

ஆர்லிங்டனிலே ஊதுகிற பியூகிள், "பொழுது போயிற்று, படுத்துக்கொள்" என்று சொல்லுகிற அழைப்பு. நமக்கோ வேறொரு எக்காளம் உண்டு. அது எழுந்திருக்கச் சொல்லும் எக்காளம்! அந்த நாளிலே கர்த்தர் ஒவ்வொருவரையும் பேர்சொல்லிக் கூப்பிடும்போது, "இவரை நான் அறிவேன் ஆண்டவரே, இவர் அருகில் நான் நின்றேன்" என்று சொல்லத்தக்கவர்களாய் நாம் காணப்படுவோமாக.

ஜெபிப்போமா? அன்பின் தகப்பனே, எங்கள் அவசரத்தை மன்னியும். நாங்கள் அறியாமற்போன பேர்களை எங்களுக்குக் காண்பியும். யாபேஸ் மனுஷரின் நன்றியையும் ரிஸ்பாளின் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்